மனைவிக்கு மாத்திரை மட்டும் போதுமா, விஷயத்தையும் சொல்ல வேண்டுமா?

துறைமுகம்_டிரைவர்:
நண்பன் எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் டிரெய்லர் ஓட்டுகிறான். சிறுநீர் போகும்போது எரிச்சல், ஜட்டியில் சீழ்க்கறை. உடம்புச் சூடு என்று இளநீரும் நன்னாரி சர்பத்தும் குடித்துப் பார்த்துவிட்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் போனான். உடலுறவில் தொற்றும் வெட்டை நோயாக (கொனோரியா) இருக்கலாம் என்று சாம்பல் நிறப் பாக்கெட்டில் மாத்திரை கொடுத்து, மனைவியையும் அழைத்து வரச் சொல்லிவிட்டார்கள். அதே மாத்திரையை வாங்கி, சத்து மாத்திரை என்று சொல்லி அவளுக்குக் கொடுத்துவிடலாமா என்று கேட்கிறான். கொடு என்றேன். நோயும் போகும், குடும்பமும் உடையாது. இதில் என்ன தப்பு?

வண்ணை_செவிலி:
தப்புதான் அண்ணா. அதில் இருப்பது அசித்ரோமைசின், செஃபிக்சிம் என்ற இரண்டு ஆன்டிபயாடிக் மருந்துகள். அவருக்கு அந்த மருந்து ஒத்துக்கொள்ளுமா, அடிவயிற்றில் வலி இருக்கிறதா என்று யார் கேட்டது? இந்த நோய் வந்த பெண்கள் பலருக்கு அறிகுறியே தெரியாது. கிருமி கருக்குழாய் வரை ஏறியிருந்தால் ஒரு வேளை மாத்திரை போதாது, இரண்டு வாரம் வேறு மருந்தும் சாப்பிட வேண்டும். விட்டுவிட்டால் பிள்ளை தங்காமல் போகலாம், கரு குழாயிலேயே தங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். அப்புறம் சிபிலிஸ் என்ற இன்னொரு பால்வினை நோய்க்கும் எச்.ஐ.வி.க்கும் ரத்தம் பார்க்க வேண்டும். சத்து மாத்திரை என்று சொல்லிவிட்டு அதற்கு எப்படிக் கூட்டிப்போவார்?

துறைமுகம்_டிரைவர்:
அவன் வீட்டில் இருப்பது ஒரே அறை, அதில் அம்மாவும் தங்கச்சியும் கூட. எங்கே உட்கார்ந்து இதைப் பேசுவான்? அமெரிக்காவில் நோயாளி கையிலேயே துணைக்கும் மருந்து கொடுத்தனுப்புகிறார்களே?

கொருக்குப்பேட்டை_நித்யா:
அங்கே எதற்கான மருந்து என்று விளக்கும் தாளையும் சேர்த்துத்தான் தரச் சொல்கிறார்கள். மருந்து உள்ளே போவது அவள் உடம்பில். அவளுக்குத் தெரியாமல் அது போகக் கூடாது. குடும்பம் உடையும் என்ற பயம் நியாயம்தான், ஆனால் அந்தப் பயத்துக்கு அவள் கருப்பையைப் பணயம் வைக்க முடியாது.

ராயபுரம்_பழனி:
இவ்வளவு பேச்சு எதற்கு? டாக்டரே மனைவிக்கு போன் போட்டுச் சொல்லட்டும்.

வண்ணை_செவிலி:
அப்படிச் செய்தால் அடுத்தவன் ஆஸ்பத்திரிப் பக்கமே வர மாட்டான், கடையில் ஏதோ மாத்திரை வாங்கிப் போடுவான். எச்.ஐ.வி.க்கு 2017-இல் சட்டமே வந்தது. நோயாளியே சொல்லும்படி முதலில் ஆலோசனை தர வேண்டும். அவர் சொல்ல மாட்டார் என்று உறுதியானால், அவருக்கு முன்கூட்டித் தெரிவித்த பிறகே டாக்டரோ ஆலோசகரோ துணையிடம் சொல்லலாம்.

கொருக்குப்பேட்டை_நித்யா:
அடி உதை விழும், வீட்டை விட்டுத் துரத்துவார்கள் என்று பயம் இருந்தால் சொல்லக் கூடாது என்றும் அதே சட்டத்தில் இருக்கிறது, குறிப்பாகப் பெண்கள் விஷயத்தில். கர்ப்பிணிக்கு வி.டி.ஆர்.எல். பரிசோதனையில் சிபிலிஸ் தெரியவந்தால், புருஷனிடம் இருந்து வந்திருந்தாலும் "உனக்கு எங்கிருந்து வந்தது" என்றுதான் முதல் கேள்வி வரும். போன் போடச் சொல்பவர்கள் அவளை யோசித்துப் பாருங்கள்.

ராயபுரம்_பழனி:
அது சரி. ஆனால் ஆண் மறைத்தால் அவள் கதி?

வண்ணை_செவிலி:
அதற்குத்தான் ஆலோசகர் இருக்கிறார். அரசு ஆஸ்பத்திரியில் எச்.ஐ.வி. ஆலோசனையும் பரிசோதனையும் தரும் நம்பிக்கை மையத்தில் தனியாக உட்கார்ந்து பேசலாம், வீட்டில் இடம் இல்லாதவர்களுக்கு அதுவே வசதி. எய்ட்ஸ் உதவி எண் 1097-க்கு இலவசமாக போன் செய்தும் கேட்கலாம். இருவரும் மருந்து சாப்பிட்டு 7 நாள் ஆகும்வரை உறவு வேண்டாம் என்று உங்கள் நண்பரிடம் சொல்லுங்கள். ஒருவர் மட்டும் சாப்பிட்டால் மற்றவரிடமிருந்து திரும்ப ஒட்டிக்கொள்ளும்.

துறைமுகம்_டிரைவர்:
ஆலோசகர் முன்னால் என்றால் வருவான். எப்படி வந்தது என்று அவளிடம் சொல்வதில் எனக்கு இன்னும் உடன்பாடில்லை.

கொருக்குப்பேட்டை_நித்யா:
இவ்வளவு நேரம் மனைவியைப் பற்றி மட்டுமே பேசுகிறோம். அறிகுறி தொடங்குவதற்கு முந்தைய 60 நாளில் உறவு இருந்த எல்லோருக்கும் சிகிச்சை வேண்டும். அந்த இன்னொரு பெண்ணுக்கு யார் சொல்வது?

துறைமுகம்_டிரைவர்:
நம்பர் இருக்கிறதா என்று அவனிடம் கேட்கிறேன்.