பட்டப்பெயர் வைத்து இழிவுபடுத்தும் அரசியல்: அதே பாணியில் பதிலடி கொடுத்தால் எடுபடுமா?

கேள்வி:
2016 அமெரிக்க அதிபர் தேர்தலுக்கான குடியரசுக் கட்சி வேட்பாளர் போட்டியில், டொனால்ட் டிரம்ப் மேடைக்கு மேடை மார்கோ ரூபியோவைக் 'குட்டி மார்கோ' என்றும், டெட் குரூஸைப் 'பொய்யர் டெட்' என்றும் அழைத்தார். அதைப் பற்றிக் கட்டுரை ஒன்று எழுதி வருகிறேன். இத்தகைய வசைக்கு ஆளானவர் அதே பாணியில் திருப்பிக் கொடுத்தால் மக்களிடம் எடுபடுமா?

மறுமொழி 1:
எடுபடாது என்பதற்கு ரூபியோவே சான்று. அந்த ஆண்டு பிப்ரவரி இறுதியில், டிரம்பின் கைகள் சிறியவை என்று அவர் கேலி பேசியபோது கூட்டம் ஆரவாரம் செய்தது. மார்ச் 3 அன்று டெட்ராய்ட் விவாத மேடையில் டிரம்ப் தம் கைகளைத் தூக்கிக் காட்டி, பேச்சை இன்னும் கீழே இழுத்துச் சென்றார். தம் பேச்சு பிள்ளைகளுக்கே சங்கடமாகிவிட்டதென்று வருந்திய ரூபியோ, மார்ச் 15 அன்று சொந்த மாநிலமான புளோரிடாவிலேயே தோற்றுப் போட்டியிலிருந்து விலகினார். தோல்விக்கு அது ஒன்றே காரணமன்று. ஆயினும், கண்ணியமானவர் என்ற பெயரையும் சேர்த்து இழந்தார்.

மறுமொழி 2:
முழுமையாக உடன்பட இயலவில்லை. தம்மைச் சுறுசுறுப்பற்றவர் என்று இகழ்ந்த டிரம்பை, அதே போட்டியில் இருந்த ஜெப் புஷ் 2015 டிசம்பர் விவாதத்தில் 'குழப்பத்தின் வேட்பாளர்' என்றார். அது உடலைப் பழிக்காமல் அரசியலைச் சுட்டிய விமர்சனம். ஆயினும் அவரும் 2016 பிப்ரவரி 20 அன்றே விலக நேர்ந்தது. ஆகவே, பதிலடியின் பாணிதான் தோல்விக்குக் காரணம் என்று சொல்லிவிட முடியாது.

மறுமொழி 3:
வென்றவர் யார், தோற்றவர் யார் என்பதோடு நின்றுவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். செனட்டர் எலிசபெத் வாரன் தமக்கு அமெரிக்கப் பூர்வகுடி வம்சாவளி உண்டு என்று சொல்லிவந்ததை ஏளனம் செய்ய, டிரம்ப் அவரை, 17ஆம் நூற்றாண்டுப் பூர்வகுடிப் பெண் ஒருவரின் பெயரான 'போகஹொன்டாஸ்' என்று அழைத்தார். இரண்டாம் உலகப் போரில் தம் தாய்மொழியையே இரகசியக் குறியீடாக்கிப் பணியாற்றிய நவஹோ பூர்வகுடி வீரர்களுக்கு, 2017 நவம்பர் 27 அன்று வெள்ளை மாளிகையில் நடந்த பாராட்டு விழாவிலும் அந்தப் பெயரைச் சொன்னார். பூர்வகுடிகளை வெளியேற்றும் 1830ஆம் ஆண்டுச் சட்டத்தில் கையொப்பமிட்ட அதிபர் ஆண்ட்ரூ ஜாக்சனின் ஓவியம் பின்னால் தொங்க, முதிர்ந்த வயதில் அவர்கள் அங்கே நின்றிருந்தார்கள். வாரன் 2018இல் மரபணுச் சோதனை முடிவை வெளியிட்டு ஏளனத்துக்குப் பதில் சொல்லப் புகுந்தார். பூர்வகுடிகளில் ஒரு பிரிவினரான செரோக்கி மக்களின் அரசு அதைக் கண்டித்ததால் 2019இல் மன்னிப்புக் கேட்டார். இரு அரசியல்வாதிகளின் சண்டையில், சம்பந்தமே இல்லாத பூர்வகுடிப் பெண் ஒருவரின் பெயர் வசைச்சொல்லாயிற்று. உங்கள் கட்டுரையில் அந்த முதியவர்களுக்கும் இடம் கொடுங்கள்.