படைவீரர் நாள் கூடலில் ஆயுள் சான்று மேசை போடலாமா?

கேள்வி: ஜனவரி 14 அன்று எங்கள் முன்னாள் படைவீரர் சங்கக் கூடல். பென்ஷன் தொடர, உயிரோடு இருப்பதைக் காட்டும் ஆயுள் சான்றை நவம்பரில் கொடுக்கத் தவறியவர்களுக்கு அங்கேயே எடுத்துக் கொடுக்க முடியுமா?

பதில் 1: தாராளமாகச் செய்யுங்கள் சார். கைரேகைக் கருவியை மட்டும் நம்ப வேண்டாம்; வயதானவர்களுக்கு ரேகை தேய்ந்து பதியாது. ஆயுள் சான்று எடுக்கும் ஜீவன் பிரமாண், முகத்தைச் சரிபார்க்கும் ஆதார் ஃபேஸ் ஆர்டி இரண்டு செயலிகளையும் முந்தின நாளே போனில் ஏற்றி, மேசையில் உட்கார்ந்து மற்றவர்களுக்குச் சான்று எடுத்துக் கொடுப்பவரின் முகத்தைப் பதிந்து வையுங்கள். முதுகுக்குப் பின்னால் ஜன்னல் இருந்தால் முகம் எடுக்காது. பெரிய தவறு நடப்பது பென்ஷன் வழங்கும் அமைப்பைத் தேர்வதில்தான். ஸ்பார்ஷில் (பாதுகாப்புத் துறையின் ஆன்லைன் பென்ஷன் முறை) இருப்பவர் பேங்கைத் தேர்ந்தால் சான்று உருவாகும், ஆனால் ஸ்பார்ஷுக்குப் போய்ச் சேராது.

பதில் 2: வருபவர்கள் கொண்டுவர வேண்டியவை: ஆதார், பி.பி.ஓ. எண் (பென்ஷன் ஆணை எண்), பாஸ்புக், ஓடிபி வரும் போன். இதை அழைப்பிதழிலேயே அச்சடியுங்கள். குடும்ப பென்ஷன் வாங்கும் அம்மாக்களுக்கு முதல் வரிசை கொடுங்கள், அவர்களை நிற்க வைக்கக் கூடாது.

பதில் 3: ராணுவத்தின் முதல் இந்தியத் தலைமைத் தளபதி ஜெனரல் கரியப்பா 1953இல் ஓய்வுபெற்ற நாள்தான் ஜனவரி 14; அதனால்தான் அது படைவீரர் நாள். ஆனால் பொங்கலோடு மோதும். மலர்வளையம், 2 நிமிட மௌனம் காலையிலேயே முடியட்டும். மேசையை முந்தின ஞாயிறே போடுங்கள்.