பெயர், நிறம், திரை எல்லாம் ஒரே பதிப்பில் மாறின. பழைய பயனர்கள் தடுமாறுகிறார்கள். எதை முதலில் சரிசெய்வது?

கேள்வி (கோலாலம்பூர்)

வணக்கம். சிறு கடைகளுக்கான பில்லிங் செயலி செய்யும் சின்ன நிறுவனம். மலாய், ஆங்கிலம், தமிழ் மூன்றும் உண்டு. பயனர் அனுபவமும் பிராண்ட் மாற்றமும் என் பொறுப்பு. புதிய பெயர், புதிய ஐகான், நீலத்துக்குப் பதில் மஞ்சள் (ஆர்ஜிபி 255, 193, 7), புதிய பில் திரை, எல்லாம் சேர்த்து ஆண்ட்ராய்டில் 10 விழுக்காட்டுப் பயனர்களுக்கு விட்டிருக்கிறோம்.

வரும் புகார்கள்: செயலியை நீக்காமலே முகப்புத் திரையிலிருந்து ஐகான் காணாமல் போகிறது. வாசல் பக்கம் கல்லா வைத்திருப்பவர்களுக்கு 'சேமி' பட்டன் தெரியவில்லை (மஞ்சள் மேல் வெள்ளை எழுத்து). தமிழில் மட்டும் எழுத்தின் தலையும் காலும் வெட்டுப்படுகின்றன. சிலர் இது போலிச் செயலியோ என்று கேட்கிறார்கள். மாத இறுதிக்குள் எல்லாருக்கும் விட வேண்டும் என்கிறார்கள் நிறுவனர்கள். எந்த வரிசையில் போவது?

பதில் 1 (ஜார்ஜ்டவுன், தயாரிப்பு வடிவமைப்பு)

முதல் வேலை, பிளே கன்சோலில் (செயலியை வெளியிடும் கூகுள் தளம்) வெளியீட்டை நிறுத்தி வையுங்கள். நிறுத்தினால் புதியவர்களுக்குப் போகாது, அவ்வளவுதான்; ஏற்கெனவே வாங்கியவர்கள் அதே பதிப்பில்தான் இருப்பார்கள். அவர்களுக்குத் திருத்தம் போய்ச்சேர, இதைவிடப் பெரிய வெர்ஷன் கோட் (பதிப்பின் வரிசை எண்) உள்ள பதிப்பு வேண்டும்.

ஐகான் காணாமல் போவதற்குக் காரணம் பெரும்பாலும் படம் இல்லை. பெயர் மாற்றும்போது நிரலாளர்கள் லாஞ்சர் ஆக்டிவிட்டியின் (ஐகானைத் தொட்டதும் திறக்கும் திரை) கிளாஸ் பெயரையும், அதாவது நிரலில் அதற்குள்ள பெயரையும், சேர்த்து மாற்றியிருப்பார்கள். முகப்புத் திரைக் குறுக்குவழி அந்தப் பெயரைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறது. பெயர் மாறினால் அது அறுந்துவிடும். மேனிஃபெஸ்டில் (செயலியின் விவரக் கோப்பு) பழைய பெயரிலேயே ஓர் ஆக்டிவிட்டி-அலியாஸ் (மாற்றுப்பெயர்) வைத்து, அதைப் புதிய கிளாஸுக்குத் திருப்பி, லாஞ்சர் இன்டென்ட் ஃபில்டரை (ஐகானைக் காட்டச் சொல்லும் குறிப்பு) அலியாஸில் மட்டும் வையுங்கள். இரண்டிலும் இருந்தால் ஐகான் இரண்டாகத் தெரியும். மீதி 90 விழுக்காட்டினருக்கு இது காப்பு. ஏற்கெனவே ஐகானை இழந்தவர்கள் செயலிப் பட்டியலிலிருந்து மறுபடி இழுத்து வைக்கத்தான் வேண்டும், அதை உதவிக் குழுவிடம் சொல்லி வையுங்கள்.

அடுத்து நிறம். அந்த மஞ்சள் மேல் வெள்ளை எழுத்தின் வேறுபாட்டு விகிதம் ஏறக்குறைய 1.6:1. டபிள்யூசிஏஜி (எல்லாராலும் படிக்க முடிவதற்கான பன்னாட்டு நெறிமுறை) கேட்பது சாதாரண எழுத்துக்கு 4.5:1, பெரிய எழுத்துக்கு 3:1. வெயிலில் தெரியாமல் போவதில் ஆச்சரியமே இல்லை. கறுப்பு எழுத்து வைத்தால் கிட்டத்தட்ட 13:1 கிடைக்கும். ஆனாலும் பட்டனுக்கு மஞ்சளே வேண்டாம் என்பேன். வெள்ளைப் பின்னணியில் பட்டனின் உருவமே கரைகிறது. அதோடு பில்லிங் செயலியில் மஞ்சள் என்றால் 'கையிருப்பு குறைவு' என்ற எச்சரிக்கை. ஒரே நிறத்துக்கு இரண்டு அர்த்தம் கொடுத்தால் கடைக்காரர் எதை நம்புவார்? டிசைன் டோக்கனில் (நிறங்களுக்குப் பெயர் வைத்துச் சேமிக்கும் பட்டியல்) 'பிராண்ட்-மஞ்சள்' வேறு, 'செயல்-முதன்மை' வேறு என்று பிரியுங்கள். மஞ்சள் லோகோவிலும் தலைப்பட்டையிலும் இருக்கட்டும். பட்டன் பழைய அடர் நீலத்திலேயே நிற்கட்டும்.

பில் திரையை இந்த வெளியீட்டிலிருந்து எடுத்துவிடுங்கள். பெயரும் திரையும் ஒரே நாளில் மாறினால் எந்தப் புகார் எதனால் வந்தது என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

பதில் 2 (பாயான் லெப்பாஸ், முகப்பு நிரலாக்கம்)

தமிழ் வெட்டுப்படுவதைப் பற்றி மட்டும். உங்கள் புதிய பிராண்ட் எழுத்துருவில் தமிழ் வடிவங்கள் இருக்காது. கைப்பேசி தன்னிடமுள்ள தமிழ் எழுத்துருவை இரவல் கொடுக்கும். ஆனால் வரி உயரமோ ஆங்கில எழுத்துருவின் அளவுக்குக் கட்டியது. 'ஸ்ரீ', 'கீ', 'றீ', 'ணூ', 'ஞூ' வரும் இடங்களைப் பாருங்கள், அங்கேதான் இடிக்கும்.

தமிழுக்கென்றே ஓர் எழுத்துருவைச் சேர்த்துவிடுங்கள். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், ஹிந்த் மதுரை மூன்றும் இலவச உரிமத்தில் கிடைக்கின்றன. வரி உயரம் 1.5-க்குக் குறைய வேண்டாம். எழுத்து இடைவெளி பூஜ்யம். பட்டனுக்கு நிலையான உயரம் கொடுக்காமல் குறைந்தபட்ச உயரம் 48 டிபி (ஆண்ட்ராய்டின் திரை அளவு அலகு) என்றும், மேலும் கீழும் பேடிங் (உள் இடைவெளி) என்றும் வையுங்கள். ஆண்ட்ராய்டில் 'எலிகன்ட் டெக்ஸ்ட் ஹைட்' என்ற பண்பை (உயரமான எழுத்துகளுக்கு இடம் விடுவது) ட்ரூ ஆக்க, அதாவது இயக்க வேண்டும். ஆண்ட்ராய்டு 15-ஐ இலக்காக வைத்துக் கட்டினால் அது இயல்பாகவே ட்ரூ.

யாரும் யோசிக்காத இடம் ரசீது. 58 மில்லிமீட்டர் வெப்ப அச்சுப்பொறியில் ஒரு வரிக்கு 384 புள்ளிதான், அதுவும் கறுப்பு மட்டும். மஞ்சள் லோகோவை அப்படியே அனுப்பினால் வெறும் தாள் வரும், இல்லையென்றால் புள்ளி புள்ளியாய்ச் சிதறும். ஒற்றை நிறக் கோட்டு வடிவம் ஒன்று தனியாக வரைந்து வாங்குங்கள்.

பதில் 3 (பெட்டாலிங் ஜெயா)

போலி என்ற சந்தேகத்துக்கு: அப்ளிகேஷன் ஐடியை (செயலியின் தனி அடையாளப் பெயர்) தொடாதீர்கள், மாற்றினால் அது வேறு செயலி. பிளே ஸ்டோரில் செயலியின் தலைப்புக்கு 30 எழுத்துதான் இடம். அதனால் '(முன்பு …)' என்பதைத் தொடக்கத் திரையிலும் உள்நுழைவுத் திரையிலும் போடுங்கள். அறிவிப்பு மின்னஞ்சல் பழைய டொமைனிலிருந்தே போகட்டும். புதிய டொமைனுக்கு எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் (மின்னஞ்சல் உண்மையானதுதான் என்று காட்டும் அமைப்புகள்) மூன்றையும் அமைத்து, சிறிது சிறிதாக அனுப்பிப் பழக்குங்கள். பழைய முகவரிகளுக்கு 301 ரீடைரக்ட் (புதிய முகவரிக்கு நிரந்தரமாகத் திருப்பிவிடுவது) குறைந்தது ஓராண்டு வேண்டும். அந்த டொமைனைக் கைவிடவே கூடாது. வேறு யாராவது வாங்கினால் உங்கள் வாடிக்கையாளர் அனுப்பும் மடல்கள் அவர் கைக்குப் போகும்.

சந்தாக் கட்டணம் வாங்கும் கேட்வேயில் (இணையப் பணப்பரிமாற்றச் சேவை) வங்கிக் கணக்கறிக்கையில் தெரியும் பெயரையும் மாற்றச் சொல்லுங்கள். மை-ஐபிஓவில் (மலேசிய அறிவுசார் சொத்து அலுவலகம்) வகுப்பு 9 (மென்பொருள்), 42 (மென்பொருள் சேவை) இரண்டிலும் வணிகச்சின்னம் தேடிப் பார்த்தாயிற்றா?

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. தேடியாயிற்று, 42-க்கு மட்டும் விண்ணப்பம் போயிருக்கிறது. 9-ஐயும் சேர்க்கச் சொல்கிறேன். வெளியீட்டை நிறுத்திவிட்டேன். அலியாஸ், நீல பட்டன், தமிழ் எழுத்துரு மூன்றோடு அடுத்த பதிப்பு. புதிய பில் திரையை எப்போது விடலாம் என்று எதை வைத்து முடிவு செய்வது?

பதில் 1 (ஜார்ஜ்டவுன்)

பழைய திரையை முதலில் அளந்து வையுங்கள். பிரிக்பீல்ட்ஸிலோ மஸ்ஜித் இந்தியாவிலோ ஐந்து கடைகள் போதும், மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டிப் போங்கள். மூன்று பொருள் சேர்த்து, ஒன்றை நீக்கி, டூயிட்நவ் (மலேசியாவின் உடனடிப் பணப்பரிமாற்றச் சேவை) கியூஆரில் பணம் வாங்கி, ரசீது எடுக்கச் சொல்லுங்கள். நேரம், தப்பான தொடுதல், 'எங்கே இருக்கு' என்று கேட்ட இடம் மூன்றையும் குறியுங்கள். கடைசியில் எஸ்யூஎஸ் (பயன்படுத்த எளிதா என்று அளக்கும் பொது வினாத்தாள்) 10 கேள்வி. நூற்றுக்கு 68 என்பது பொதுவான சராசரி, ஆனால் ஐந்து பேரின் மதிப்பெண்ணை நிறுவனர்களிடம் ஆதாரமாகக் காட்டாதீர்கள், திசை பார்க்க மட்டும்.

பிறகு புதிய திரையிலும் அதே வேலை. பொருளை நீக்கும் படியைக் கூர்ந்து பாருங்கள். வரிசையில் ஆள் நிற்கும்போது கடைக்காரர் பதறுவது அங்கேதான். அந்தப் படி பழைய திரையைவிட மெதுவானால் புதிய திரை காத்திருக்கட்டும், பெயரும் ஐகானும் மட்டும் மாத இறுதியில் போகட்டும்.