சித்தியவான் வானில் வெள்ளை வயிறுள்ள பெரிய கரும்பறவை: இது எந்த இனம்?

கேள்வி: மாறன் (சித்தியவான்)

அனைவருக்கும் வணக்கம். சித்தியவானுக்கும் லூமுட்டுக்கும் இடையே உள்ள ஒரு செம்பனைத் தோட்டத்தில் குடியிருக்கிறேன். அண்மைக் காலமாக, மாலையில் கடல் பக்கமிருந்து மழைமேகம் ஏறி வரும்போது, பெரிய கரும்பறவைகள் இரண்டு மூன்று மிக உயரத்தில் சிறகடிக்காமல் வட்டமிடுவதைப் பார்க்கிறேன். இங்கே பலரும் பருந்து என்றே சொல்கிறார்கள். ஆனால் நம் ஊர்ச் செம்பருந்தின் வால் முனை உருண்டையாக இருக்கும். இதன் வாலோ கத்தரிக்கோல் போல ஆழமாகப் பிளந்திருக்கிறது. சிறகுகள் நீண்டு, நடுவில் மடங்கி, முனையில் கூர்மையாக முடிகின்றன. லூமுட் படகுத்துறையில் நண்பர் எடுத்த இரண்டு படங்களை இணைத்துள்ளேன். இரண்டிலும் வயிற்றில் வெள்ளை தெரிகிறது.

இது எந்தப் பறவை? நம் தீவுகளில் கூடு கட்டுகிறதா, அல்லது காற்றில் அடித்துவரப்பட்டு வழி தவறி வந்ததா? இத்தனை நேரம் கடலுக்கு மேலே சுற்றியும் ஒருமுறைகூடத் தண்ணீரில் இறங்கி அமராதது ஏன்? தமிழ்ப்பள்ளியில் படிக்கும் என் மகள் இதைப் பற்றிக் கட்டுரை எழுத விரும்புவதால், விவரம் தெரிந்தவர்கள் சற்று விரிவாகவே எழுதினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில் 1: ஓய்வுபெற்ற ஆசிரியர் (ஆயர் தாவார்)

மாறன் தம்பிக்கு வணக்கம். படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இது ஃபிரிகேட் பறவை. மலாய்க்காரர்கள் சிம்பாங் என்று அழைப்பார்கள். சிறிய ஃபிரிகேட், பெரிய ஃபிரிகேட், கிறிஸ்துமஸ் தீவு ஃபிரிகேட் என இக்குடும்பத்தில் மூன்று இனங்கள் நம் பக்கத்துக் கடல்களில் பறப்பதால், கரிய நிறத்தையும் பிளந்த வாலையும் மட்டும் வைத்துக்கொண்டு இனத்தைச் சொல்லிவிட முடியாது. அடிவயிற்றைத்தான் பார்க்க வேண்டும். பெரிய இனத்தின் ஆணுக்கு அடிப்பக்கம் முழுவதும் கறுப்பு. சிறிய இனத்தின் ஆணுக்கு வயிறு கறுப்பாகவே இருக்க, இரு விலாவிலிருந்தும் ஒவ்வொரு வெள்ளைத் தீற்று அக்குளுக்குள் ஓடும். கிறிஸ்துமஸ் தீவு ஆணுக்கு மட்டும் வயிற்றின் மேல் வெள்ளைத் திட்டு தனியாக நிற்கும். உங்கள் முதல் படத்தில் இருப்பது அதுவேதான்.

இரண்டாவது படத்தில் இருப்பது பெண். தலையும் தொண்டையும் கறுப்பு, மார்பிலிருந்து வயிறு வரை வெள்ளை, அந்த வெள்ளை அக்குளுக்குள்ளும் நீள்கிறது, அலகு இளஞ்சிவப்பு. சிறிய இனத்துப் பெண்ணுக்கும் மார்பு வெள்ளைதான் என்றாலும், வயிற்றுக்கு வரும்போது கறுப்பாகிவிடும். இளம்பறவைகளில் மூன்று இனங்களுக்கும் தலை வெளிறிய பழுப்பாக இருப்பதால் நல்ல படம் இல்லாமல் அவற்றைப் பிரிப்பது கடினம். மகளின் கட்டுரையில் அந்தப் பகுதியை விட்டுவிடலாம்.

இனி, நம் தீவுகளில் கூடு கட்டுகிறதா என்ற கேள்வி. இல்லை. உலகத்திலேயே இந்த இனம் முட்டையிடும் இடம் ஒன்றே ஒன்றுதான்: ஜாவாவுக்குத் தெற்கே ஏறத்தாழ 350 கிலோமீட்டர் தொலைவில், இந்தியப் பெருங்கடலில், 135 சதுர கிலோமீட்டர் பரப்பே உள்ள கிறிஸ்துமஸ் தீவு. 1897-98இல் அங்கே பல மாதங்கள் தங்கி ஆராய்ந்த சார்லஸ் வில்லியம் ஆண்ட்ரூஸ் என்ற ஆங்கிலேய அறிஞரின் பெயரால்தான் இதன் அறிவியல் பெயர் ஃபிரிகேட்டா ஆண்ட்ரூசி என்று அமைந்தது. முட்டையிடும் பருவத்தில் உள்ள பறவைகளின் எண்ணிக்கை உலகம் முழுவதற்குமே சில ஆயிரங்களுக்குள் அடங்கிவிடும். ஆகவே நீங்கள் பார்த்த ஒவ்வொரு பறவையும், வேறெங்கும் பிறந்திருக்க வழியில்லாமல், அந்த ஒரே தீவின் மரக்கிளையில் பொரித்து வந்தது.

ஆனால் வழி தவறி வந்ததாக எண்ண வேண்டாம். கூடு அங்கே என்றால் இரைதேடும் நிலம் இங்கே. ஜாவாக் கடல், மலாக்கா நீரிணை, தென்சீனக் கடல், போர்னியோவின் கரையோரம் எல்லாம் இதன் வழக்கமான நடமாட்டத்திற்குள் வருபவை. சபாவின் மந்தனானி தீவுகளில் இவை கூட்டமாக வந்து இரவு தங்குவதுண்டு. 2005ஆம் ஆண்டில் செயற்கைக்கோள் கருவி பொருத்தப்பட்ட ஒரு தாய்ப்பறவை, குஞ்சைக் கூட்டில் விட்டுவிட்டு, சுமத்ரா, போர்னியோ வழியாக ஏறத்தாழ 4,000 கிலோமீட்டர் சுற்றி, 26 நாட்களுக்குப் பிறகு கூடு திரும்பியது.

தண்ணீரில் அமராததற்குக் காரணம் அதன் உடலமைப்பு. மற்றக் கடற்பறவைகள் வாலடியில் உள்ள எண்ணெய்ச் சுரப்பியிலிருந்து எண்ணெயை அலகால் எடுத்து இறகுகளில் பூசிக்கொள்ளும். ஃபிரிகேட் பறவைக்கு அச்சுரப்பி மிகச் சிறியது. இறகு தண்ணீரை உறிஞ்சிவிடும். கால்களும் குட்டையானவை, விரலிடைத் தோல் பெயருக்குத்தான் இருக்கிறது, நீந்த உதவாது. இரண்டு மீட்டருக்கு மேல் விரியும் சிறகுகளை வைத்துக்கொண்டு நீர்மட்டத்திலிருந்து எழும்புவதும் அதற்கு இயலாது. அதே உடலமைப்புத்தான் அதை வானத்துக்கு உரியதாகவும் ஆக்கியிருக்கிறது. அத்தனை பெரிய சிறகுக்கு உடல் எடை ஒன்றரைக் கிலோ அளவுதான். இதன் உறவான பெரிய ஃபிரிகேட் பறவைகளை ஆராய்ந்தவர்கள், அவை திரள்மேகங்களுக்குள் மேலெழும் காற்றைப் பிடித்து 4,000 மீட்டர் உயரம் வரை ஏறுவதையும், இரண்டு மாதம் வரைகூடத் தரையிறங்காமல் பறப்பதையும் 2016இல் வெளியிட்டார்கள். அதே ஆண்டு, காலாபாகஸ் தீவுகளில் மூளை அலைகளைப் பதிவு செய்த வேறொரு குழு, பறக்கும்போது அவை நாளொன்றுக்குச் சராசரியாக 42 நிமிடங்களே உறங்குகின்றன என்று கண்டறிந்தது. மழைமேகம் கூடும் மாலையில் உங்கள் தோட்டத்துக்கு மேலே அவை தென்படுவதும் பெரும்பாலும் மேலேறும் காற்றைத் தேடித்தான்.

பதில் 2: கலைவாணி (பங்கோர்)

ஆசிரியர் ஐயா எழுதியதோடு, இரை பிடிக்கும் விதத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டுகிறேன். எங்கள் வீட்டு ஆண்கள் மீன்பிடிப் படகில் செல்பவர்கள். மாசி மகத்துக்குப் பத்திரகாளியம்மன் கோயிலுக்கு வருகிறவர்கள் படகில் கடக்கும் அதே கடலில்தான் நான் இப்பறவையை மிக அருகில் பார்த்திருக்கிறேன். வலையைத் தூக்கிக் கழிவு மீனைக் கொட்டும் நேரத்தில் அது மேலிருந்து சரிந்து இறங்கும். படகுக்குப் பின்னால் நீர்மட்டத்திற்கு ஒரு சாண் உயரம் வந்ததும் சிறகை அசைக்காமல், தலையை மட்டும் வயிற்றுப் பக்கமாக வளைத்து, கொக்கி போன்ற அலகு நுனியால் ஒரு கணவாயைக் கொத்தி எடுக்கும். இறகில் ஒரு துளி ஈரம் படாது. எடுத்ததை நேராக விழுங்காமல், மேலே எறிந்து, திருப்பிப் பிடித்து, தலைப்பக்கமாக விழுங்கும். அந்த இடைவெளியில் இன்னொரு சிம்பாங் பாய்ந்து அதைப் பறித்துக்கொள்வதும் உண்டு.

ஆலாக்களைத் துரத்தி, அவை விழுங்கியதைக் கக்க வைத்துப் பிடுங்குவதால் இதைத் திருட்டுப் பறவை என்று துறைமுகத்தில் சொல்வார்கள். அந்தப் பெயர் இதற்குத் தகாது என்பது என் கருத்து. பிடுங்குவது கண்ணில் படுகிறது. ஆனால் இதன் உணவில் பெரும்பகுதி, பெரிய மீன்கள் துரத்தும்போது நீரை விட்டு எழும்பும் பறவைமீன்களும் நீர்மட்டத்துக்கு வரும் கணவாய்களும்தான். இவற்றைத் தானே பிடித்துத்தான் தின்கிறது. கடலுக்குள் சூரையும் மற்றப் பெரிய மீன்களும் குறைந்தால், சிறுமீனை மேலே விரட்டித் தர ஆளில்லாமல் இதன் பாடும் திண்டாட்டமாகிவிடும்.

பதில் 3: முன்னாள் கிராணி (மஞ்சோங்)

இவ்விழையைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. தோட்டத்தில் கிராணியாக வேலை செய்த காலத்தில் உர ஸ்டோர் என் பொறுப்பில் இருந்தது. மறுநடவுக்கு நிலம் தயாரானதும் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும் உரங்களில் ஒன்று சி.ஐ.ஆர்.பி. பழுப்பு நிறத்தில் மாவாக இருக்கும். மூட்டையைத் தூக்கியவர்களின் தோளிலும் கண்ணிமையிலும் படிந்துவிடும். நடவுக்குழியில் அதைப் போட்டுத்தான் செம்பனைக் கன்றை வைப்பார்கள். அந்த நான்கு எழுத்துகளின் விரிவு கிறிஸ்துமஸ் ஐலண்ட் ராக் பாஸ்பேட் என்பது. மாறன் தம்பி குடியிருக்கும் தோட்டத்து மண்ணிலும் அந்தத் தீவின் பாறை கலந்திருக்க நிறைய வாய்ப்புண்டு.

தீவில் பாஸ்பேட் சுரங்கம் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கியது. 1958இல் ஆஸ்திரேலியாவிடம் ஒப்படைக்கப்படும் வரை அந்தத் தீவு சிங்கப்பூரிலிருந்துதான் நிருவகிக்கப்பட்டது. சுரங்கத்தில் உழைத்தவர்களில் பெரும்பாலோர் சீனர்களும் மலாய்க்காரர்களும். பாஸ்பேட் இருப்பது காட்டு மரங்களின் அடியில். அதைத் தோண்ட வேண்டுமானால் மரத்தை வீழ்த்தி மேல்மண்ணைச் சுரண்ட வேண்டும். இப்படித் தீவின் காட்டில் ஏறத்தாழ கால் பங்கு அழிந்தது. தோண்டிய கனிமத்தை உலர்த்தும் ஆலையிலிருந்து கிளம்பிய தூசு, காற்று வீசும் திசையில் இருந்த கூட்டு மரங்களின் மேல் ஆண்டுக்கணக்கில் படிந்ததால், அந்த இடத்தைப் பறவைகள் கைவிட்டன. 1980இல் தேசியப் பூங்கா அமைந்து, இன்று தீவின் பெரும்பகுதி அதற்குள் இருக்கிறது. ஆனாலும் எஞ்சிய கூட்டிடங்களில் சில பூங்காவுக்கு வெளியே, மயானத்தின் அருகிலும் கோல்ஃப் திடலின் அருகிலும் உள்ள மரங்களில்தான் இருக்கின்றன.

இந்தப் பறவைக்கு ஒரு மரம் போவது எத்தனை பெரிய இழப்பு என்பது அதன் இனப்பெருக்கத்தை அறிந்தால்தான் விளங்கும். ஆண்டின் தொடக்கத்தில் ஆண்கள் நாட்டு வாதுமை போன்ற உயர்ந்த மரங்களின் உச்சிக்கிளைகளில் கூட்டமாக அமர்ந்து, தொண்டைக்குக் கீழே உள்ள சிவந்த தோல்பையை ஊதிப் பெரிதாக்கி, தலையைப் பின்னே சாய்த்து, மேலே பறந்துபோகும் பெண்களை நோக்கிச் சிறகை விரித்து நடுக்குகின்றன. இணை சேர்ந்தபின், பறந்தபடியே மரத்தின் காய்ந்த குச்சியை ஒடித்து வந்து கூடு கட்டுகின்றன. மார்ச்சுக்கும் மே மாதத்துக்கும் இடையில் ஒரே ஒரு முட்டை. பொரித்த குஞ்சுக்கு இறகு முளைத்துப் பறக்கக் கற்கவே மாதங்கள் பல ஆகும். பறந்த பிறகும், கடலில் இரை கொத்தும் வித்தை கைவரும்வரை, பெற்றோர் தொடர்ந்து ஊட்டிக்கொண்டே இருக்க வேண்டும். முட்டையிலிருந்து தன் காலில் நிற்பதுவரை ஓராண்டுக்கு மேல் ஆகிவிடுவதால், குஞ்சை வளர்த்தெடுத்த இணை இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் முட்டையிட முடிகிறது. கோழி போலவோ புறா போலவோ விட்டதை விரைவில் பிடிக்கும் இனமல்ல இது. ஒரு வளர்ந்த பறவை செத்தால், அந்த இடத்தை நிரப்ப நெடுங்காலம் ஆகும்.

இன்னொரு செய்தியை மகளின் கட்டுரையில் சேர்த்துக்கொள்ளுங்கள். வெளியிலிருந்து கப்பல்வழி வந்து பரவிய மஞ்சள் வெறிஎறும்புகள் அத்தீவின் செந்நண்டுகளைக் கோடிக்கணக்கில் கொன்று, காட்டின் அமைப்பையே மாற்றின. அந்த எறும்புகளுக்குத் தேன்போன்ற கழிவைச் சுரந்து தருவது மரங்களில் ஒட்டி வாழும் ஒரு செதிற்பூச்சி. அதை அழிக்க 2016இல் தீவில் விடப்பட்ட, இரண்டு மில்லிமீட்டர் அளவே உள்ள குளவி, நம் மலேசியாவிலிருந்து கொண்டு செல்லப்பட்டது. தீவின் மண் நம் தோட்டங்களுக்கு வந்தது போலவே, நம் நாட்டுப் பூச்சி ஒன்று அதன் காட்டைக் காக்கச் சென்றிருக்கிறது என்பதில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி.

மாறன் (சித்தியவான்)

ஐயா இருவருக்கும், கலைவாணி அக்காவுக்கும் மனமார்ந்த நன்றி. சி.ஐ.ஆர்.பி. என்று என் தந்தை சொல்லக் கேட்டு வளர்ந்தவன் நான். அதன் பின்னால் இப்படியொரு பறவை இருப்பதை இன்றுதான் அறிகிறேன். கூடு அந்தத் தீவில் பாதுகாக்கப்பட்டாலும், இங்கே நம் கடலில் அவற்றுக்கு ஆபத்து உண்டா? தூண்டில் நரம்பில் சிக்கிய ஒன்றை யாராவது கண்டால் என்ன செய்ய வேண்டும்?

பதில் 4: ஓய்வுபெற்ற ஆசிரியர் (ஆயர் தாவார்)

ஆபத்து உண்டு, தம்பி. இந்த இனம் முன்பு மிகவும் அருகிவிட்டது என்ற பட்டியலில் இருந்து, இப்போது அழிய வாய்ப்புள்ளது என்ற நிலைக்கு மாற்றப்பட்டிருக்கிறது. அதைக் கொண்டு கவலை தீர்ந்தது என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. கூட்டருகே காவல் போட்டுவிடலாம். மாதக்கணக்கில் ஜக்கார்த்தா விரிகுடாவிலும் நம் நீரிணையிலும் சுற்றும் பறவைக்கு அங்கே யார் காவல்? மீன்பிடிச் சாதனங்களில் அவை சிக்கி இறப்பது ஜக்கார்த்தா விரிகுடாவில் பதிவாகியிருக்கிறது. அறுந்த நரம்பைக் கடலில் வீசாமல் கரைக்குக் கொண்டுவந்து போடுவதுதான் படகில் செல்பவர்கள் செய்யக்கூடிய பெரிய உதவி.

சிக்கிய பறவையைக் கண்டால் முதலில் பெரிய துண்டு ஒன்றைத் தலைமேல் போர்த்துங்கள். கண் மறைந்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். அலகு கொக்கியாக வளைந்திருப்பதால் கண்ணருகே கொண்டுபோக வேண்டாம். நரம்பை இழுக்காமல், கத்தரித்து எடுங்கள். தண்ணீரில் விட்டால் அது மூழ்கிவிடும் என்பதை மறக்காதீர்கள். பெரிய அட்டைப் பெட்டியில், காற்றோட்டமான நிழலில் வைத்துவிட்டு, வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானுக்கு உடனே தெரிவியுங்கள். அவர்கள் வரும்வரை வாயைத் திறந்து மீனோ தண்ணீரோ திணிக்க வேண்டாம்.

உங்கள் நண்பரிடம் மூலப் படங்களை அழிக்காமல் வைத்திருக்கச் சொல்லுங்கள். எடுத்த தேதியும் இடமும், வயிற்றின் வெள்ளை, அக்குள் தீற்று, அலகின் நிறம் பற்றிய குறிப்பும் சேர்த்து இ-பேர்ட் தளத்தில் பதிவேற்றினால், பேராக் கரையோரத்தில் எந்தெந்த மாதங்களில் இவை தங்குகின்றன என்பதை ஆய்வாளர்கள் கணக்கிட அது பயன்படும். மகளின் பெயரிலேயே கணக்குத் தொடங்கலாம். பதிவேற்ற உதவி வேண்டுமானால் இங்கேயே கேளுங்கள்.