எகிப்துக் கல்லறைச் சிலைகளில் மனைவி மட்டும் ஏன் அணைத்தபடி இருக்கிறாள்?

ஹட்டன் டீச்சர்:
வணக்கம். 10ஆம் தரப் பிள்ளைகளுக்குப் பழைய எகிப்து பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கல்லறைத் தம்பதிச் சிலைகளின் படங்களைக் காட்டினால் பெரும்பாலும் கணவன் விறைப்பாக நேரே பார்க்கிறான், மனைவிதான் அவன் தோளிலோ இடுப்பிலோ கை போட்டிருக்கிறாள். "அவருக்குப் பாசம் இல்லையா மிஸ்?" என்று ஒரு பிள்ளை கேட்டாள். என்ன சொல்லலாம்?

பண்டாரவளைத் தம்பி:
அக்கா, அது ஊர் பார்க்கச் செய்த சிலை இல்லை, அதைத்தான் முதலில் சொல்லுங்கள். பழைய இராச்சியக் காலத்து (பெரிய பிரமிடுகள் கட்டிய காலம்) கல்லறைகள் பலவற்றில் 'செர்தாப்' என்ற அடைத்த சிறு அறைக்குள் சிலையை வைத்துவிடுவார்கள், சாம்பிராணிப் புகை உள்ளே போகச் சுவரில் ஒரு துவாரம் மட்டும் இருக்கும். இறந்தவரின் 'கா' எனும் உயிர்ச்சக்தி சிலையில் தங்கிப் படையலை ஏற்கும் என்று நம்பினார்கள். கல்லறை பெரும்பாலும் கணவனுக்கென்று கட்டியது, அதனால் படையலை எதிர்கொண்டு இருப்பவன் அவன். அவள் கை அவன்மேல் இருப்பதால் அவளுக்கும் அதில் பங்கு உண்டு என்றுதான் எனக்குப் படுகிறது. நம்ம ஊர் பழைய ஸ்டூடியோப் படங்களிலும் தாத்தா விறைப்பாகத்தானே உட்கார்ந்திருப்பார், பாசம் இல்லை என்றா சொல்வோம்?

தலவாக்கலை வாசகி:
எல்லாச் சிலையும் அப்படி இல்லை டீச்சர். நியூயோர்க் மெட்ரோபொலிட்டன் அருங்காட்சியகத்தில் உள்ள மெமி, அவன் மனைவி சாபு சிலையில் அவனும் அவள் தோளைச் சுற்றிக் கை போட்டிருக்கிறான், அது அபூர்வம். எகிப்தின் மெய்தூமில் 1871இல் கிடைத்த ராஹோதெப், நோஃப்ரெத் தம்பதி சிலைகளில் இருவரும் தனித்தனிக் கல்லில் இருப்பவர்கள், தொடவே இல்லை. படிகம் பதித்த அவர்கள் கண்கள் இன்றும் உயிரோடு பார்ப்பதுபோல இருக்கும்.

ஆனால் நான் சொல்வேன், செனெப் குடும்பச் சிலையை முதலில் காட்டுங்கள். அவர் குள்ளமான உடல்வாகுள்ள உயர் அதிகாரி. காலை மடக்கி உட்கார்ந்திருக்கிறார், பக்கத்தில் மனைவி அணைத்தபடி. மற்றவர்களுக்குக் கால்கள் தொங்கும் இடத்தில் இவருடைய மகனும் மகளும் நிற்கிறார்கள்! அவர் உடலை மறைக்காமலே சிற்பி அவருக்கு அப்படி ஒரு கம்பீரம் கொடுத்திருக்கிறான், பார்க்கப் பார்க்க ஆசையாக இருக்கும்.

ஹட்டன் டீச்சர்:
ரொம்ப நன்றி இருவருக்கும். செனெப், மெமி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுகிறேன். அப்புறம் ஒன்று, ஆண் செம்பழுப்பு, பெண் வெளிர்மஞ்சள் என்று தோல் நிறம் மாறுவது?

பண்டாரவளைத் தம்பி:
அது அவர்கள் கலை மரபு அக்கா. அசல் தோல் நிறம் என்று பிள்ளைகள் எடுத்துக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.