தண்ணீர் மாற்றியதிலிருந்து ஹாட் டப் சூடேறவில்லை, பம்ப் முனகுகிறது: ஹீட்டர் போய்விட்டதா?

வெந்நீர்:
வணக்கம். எங்கள் ஹாட் டப் (உட்கார்ந்து குளிக்கும் வெந்நீர்த் தொட்டி) 6 வருடப் பழசு. 1,200 லிட்டர் பிடிக்கும். 3 கிலோவாட் ஹீட்டர், இரண்டு வேகத்தில் ஓடும் ஒரே பம்ப். போன வாரம் தண்ணீரை மொத்தமாக இறக்கி, தேய்த்துக் கழுவி, மறுபடி நிரப்பினேன். அன்றைக்குப் பிடித்த சனி. பம்ப் ஒரு மாதிரி முனகிக்கொண்டே ஓடுகிறது, ஜெட்டில் ஒன்றிரண்டு குமிழிதான் வருகிறது. ஒரு நிமிடத்தில் திரையில் 'எஃப்எல்ஓ' என்று வந்து ஹீட்டர் விளக்கு அணைந்துவிடுகிறது. தண்ணீர் 24 டிகிரியிலேயே நிற்கிறது. புது ஹீட்டர் வாங்கிவிடலாமா?

பழைய மோட்டார்:
வாங்காதீர்கள் தம்பி. எஃப்எல்ஓ என்றால் ஹீட்டர் வழியாகத் தண்ணீர் ஓடவில்லை என்று பொருள். தண்ணீர் ஓடுவதை ஃப்ளோ ஸ்விட்ச் சொன்னால்தான் கன்ட்ரோல் போர்டு ஹீட்டருக்குக் கரண்ட் விடும். அது தன் வேலையைச் சரியாகத்தான் செய்கிறது.

தண்ணீர் மாற்றிய கையோடு வந்ததால் ஏர் லாக் என்றுதான் நினைக்கிறேன். பம்புக்குள் காற்று மாட்டினால் இம்பெல்லர் (தண்ணீரைத் தள்ளும் உள்சக்கரம்) சும்மா சுற்றும், தண்ணீரைத் தள்ளாது. முதலில் மோட்டாரின் பின்பக்க விசிறி சுற்றுகிறதா பாருங்கள். சுற்றாமல் 'ம்ம்ம்' என்று மட்டும் சத்தம் வந்தால் அது கெப்பாசிட்டர் அல்லது இறுகிப்போன ஷாஃப்ட், வேறு கதை. சுற்றுகிறது என்றால் மெயினை அணைத்துவிட்டு, இறக்கும்போது மூடிய வால்வுகள் எல்லாம் திறந்திருக்கின்றனவா என்று பாருங்கள். அப்புறம் பம்பிலிருந்து மேலே போகும் குழாயின் யூனியன் நட்டை (குழாயை இணைக்கும் பெரிய பிளாஸ்டிக் நட்டு) அரைச்சுற்று தளர்த்துங்கள். காற்று போய்த் தண்ணீர் கசியத் தொடங்கியதும் கையாலேயே இறுக்கிவிடுங்கள். ஸ்பேனர் போட்டு முறுக்கினால் பிளாஸ்டிக் விட்டுவிடும்.

அடுத்த முறை ஹோஸை பில்டர் குழிக்குள் விட்டு நிரப்புங்கள், காற்று முன்னால் தள்ளப்பட்டு வெளியே போய்விடும்.

வெந்நீர்:
அண்ணா, விசிறி சுற்றியது. நட்டைத் தளர்த்தினேன். பத்து விநாடிக்கு 'உஸ்ஸ்' என்று ஒரு பெருமூச்சு, அப்புறம் முழங்கை வரை தண்ணீர். ஜெட் இப்போது பிய்த்துக்கொண்டு வருகிறது. ஆனால் குறைந்த வேகத்தில் ஓடும்போது மட்டும் மறுபடி எஃப்எல்ஓ.

மின்கம்பி:
பில்டரைக் கழற்றிவிட்டு ஐந்து நிமிடம் ஓட்டிப் பாருங்கள் சார். பிழை மறைந்தால் பில்டர்தான் அடைப்பு. பெரும்பாலும் சூடேற்றுவது குறைந்த வேகத்தில்தான், அதனால் லேசான அடைப்புகூட அங்கேதான் தெரியும். ஹோஸில் அலசினால் மட்டும் போதாது. உடம்பு எண்ணெயும் லோஷனும் மடிப்புக்குள் ஊறியிருக்கும், பில்டர் கிளீனரில் ஓர் இரவு ஊறவைக்க வேண்டும்.

ஐந்து நிமிடத்துக்கு மேல் பில்டர் இல்லாமல் ஓட்டாதீர்கள். நான் ஒருமுறை அப்படி விட்டுவிட்டு, சென்சார் மாற்றி, போர்டையும் மாற்றி, கடைசியில் இம்பெல்லரைத் திறந்தால் உள்ளே ஒரு பாட்டில் மூடியின் வளையம்!

வெந்நீர்:
பில்டரேதான். ஊறவைத்த வாளித் தண்ணீர் காலையில் சேறு மாதிரி இருந்தது. மாட்டியதும் எஃப்எல்ஓ இல்லை, ஹீட்டர் விளக்கும் எரிந்தது. கொண்டாடிக்கொண்டிருக்கும்போதே, 40 நிமிடத்தில் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் தானே அணையும் பாதுகாப்பு ஸ்விட்ச்) ட்ரிப். தூக்கிவிட்டேன்; ஹீட்டர் ஓடத் தொடங்கியதும் மறுபடி விழுந்தது. பம்ப் மட்டும் ஓடினால் நிற்கிறது.

மின்கம்பி:
இனி தூக்கிவிடாதீர்கள். எர்த்துக்குக் கரண்ட் கசிகிறது. இது தீரும்வரை யாரும் தண்ணீரில் இறங்க வேண்டாம்.

மெயினை அணைத்து, டெஸ்டரால் உறுதிசெய்துகொண்டு, போர்டிலிருந்து ஹீட்டருக்குப் போகும் இரண்டு வயரையும் கழற்றி, முனையில் டேப் சுற்றுங்கள். அதன் பிறகு ஆர்சிசிபி நின்றால் குற்றவாளி ஹீட்டர். 230 வோல்ட்டில் 3 கிலோவாட் காயில் 17, 18 ஓம் காட்ட வேண்டும். அது சரியாக இருந்தாலும் நம்பாதீர்கள், காயில் அறாமலே எர்த்துக்குக் கசியலாம். எலக்ட்ரீஷியனை அழைத்து 500 வோல்ட் மெக்கர் (அதிக வோல்ட் கொடுத்துக் கசிவைப் பார்க்கும் மீட்டர்) வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். மல்டிமீட்டரின் சின்ன பேட்டரிக்குச் சில கசிவு தெரியாது.

ஒன்று கேட்கிறேன். 6 வருடம் ஓடிய காயில் சரியாக இந்த வாரம் ஏன் போக வேண்டும்? நடுவில் வேறு ஏதாவது செய்தீர்களா?

வெந்நீர்:
வெட்கமாக இருந்ததால் எழுதவில்லை. முதல் நாள் ஒரு வீடியோ பார்த்து, ஃப்ளோ ஸ்விட்சின் இரண்டு வயரையும் சேர்த்து முறுக்கி 'டெஸ்ட்' செய்தேன். ஹீட்டர் மூன்று நான்கு நிமிடம் எரிந்தது. பிளாஸ்டிக் கருகும் வாடை வந்ததும் பிரித்துவிட்டேன்.

பழைய மோட்டார்:
அதுதான் தம்பி. அப்போது குழாய்க்குள் காற்று. தண்ணீர் இல்லாத காயில் சட்டென்று சிவந்து மேலுறையில் விரிசல் விட்டிருக்கும். உறைக்கும் கம்பிக்கும் நடுவில் மெக்னீசியம் ஆக்சைடு பொடி அடைத்திருப்பார்கள். விரிசல் வழியாக ஈரம் அதில் இறங்கினால் அதன் தடுக்கும் குணம் போய்விடும். 40 நிமிடம் தாங்கியதே பெரிது.

வெந்நீர்:
மூன்று நாள் கழித்து வருகிறேன். வயரைக் கழற்றியதும் ஆர்சிசிபி நின்றது. காயில் 17.8 ஓம், பார்க்க நல்ல பிள்ளை. மெக்கரில் வெறும் 0.02 மெகாஓம், அதாவது எர்த்துக்குக் கசிவு உறுதி. வெளியே இழுத்தால் வளைவில் நாணயம் அளவுக்குக் கருநீலக் கொப்புளம், அதன் மேல் தலைமுடி போல ஒரு கீறல். குழாயோடு சேர்த்துப் புதிது போட்டாயிற்று, கேஸ்கெட்டும் புதிது. ஃப்ளோ ஸ்விட்ச் பழையபடியே இருக்கிறது, இனி அதைத் தொட மாட்டேன்.

ஒரே சந்தேகம். மணிக்கு 2 டிகிரிதான் ஏறுகிறது. புது ஹீட்டரும் பலவீனமா?

மின்கம்பி:
இல்லை சார், கணக்கு சரி. 1,200 லிட்டரை 1 டிகிரி ஏற்ற ஏறக்குறைய 1.4 யூனிட் வேண்டும். 3 கிலோவாட்டுக்கு மணிக்கு 2 டிகிரிக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான் வரும். மூடியைத் திறந்து திறந்து பார்த்தால் அதுவும் வராது.

வெந்நீர்:
மூடிவிட்டேன். இப்போது 31.