எஸ்.எச். 39 (மாநில நெடுஞ்சாலை 39): தென்காசியோடு முடிகிறதா இல்லையா?

ஆலங்குளத்தான்:
நேற்று ஒரு வாட்ஸ்அப் குழுவில் ஒருவர், "திருநெல்வேலியில் வண்டியை எடுத்தால் எஸ்.எச். 39-லேயே கொல்லம் போய் இறங்கிவிடலாம்" என்று அளந்துவிட்டிருந்தார். பத்துப் பேர் கைதட்டல் வேறு. பேட்டை, அபிஷேகப்பட்டி, சீதபற்பநல்லூர், மாறாந்தை, ஆலங்குளம், அத்தியூத்து, பாவூர்சத்திரம், தென்காசி. முடிந்தது. அதற்கு அப்பால் கிடப்பது தேசிய நெடுஞ்சாலை 744.

கோட்டைவாசல்:
அண்ணாச்சி, சாலையின் பெயரே "திருநெல்வேலி – செங்கோட்டை – கொல்லம் சாலை". நாலுவழிப் பணிக்கான அரசு ஆவணத்திலும் அதே பெயர்தான். அதில் தென்காசி என்ற சொல்லே கிடையாது. தென்காசியோடு முடிகிற சாலைக்கு எதற்கு அந்தப் பெயர்?

ஆலங்குளத்தான்:
பெயரை விடும், கிலோமீட்டரைப் பாரும். அதே ஆவணத்தில் நாலுவழி 5/0 முதல் 50/6 வரை, அதாவது 5-ஆவது கிலோமீட்டரிலிருந்து 50.6-ஆவது கிலோமீட்டர் வரை. மொத்தம் 45.6 கி.மீ. 50/6-ல் இறங்கி நின்றால் கொல்லத்துக் கடலா தெரிகிறது? தென்காசி.

கோட்டைவாசல்:
அகலப்படுத்திய இடம்தான் சாலை என்றால், 5-ஆவது கிலோமீட்டரில்தான் சாலை பிறந்ததா? முதல் அஞ்சு கிலோமீட்டர் யாருடையது?

ஆலங்குளத்தான்:
50/6. திரும்ப ஒருமுறை வாசியும்.

கல்லிடை அப்பளம்:
ரெண்டு பேரும் புறவழிக்கு அடித்துக்கொள்கிறீர்கள். தென்காசிக்கு ஒரிஜினல் வழி அம்பாசமுத்திரம், அதாவது எங்கள் அம்பைதான். ரயில் போட்டவன் தெரியாமலா சேரன்மகாதேவி, கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம், கடையம் என்று தண்டவாளம் இழுத்தான்? 1904-லேயே அந்த லைன் கொல்லம் போய்விட்டது. ஆலங்குளத்தில் இன்றைக்கும் ஸ்டேஷன் இல்லை என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

ஆலங்குளத்தான்:
சாலையைப் பற்றிப் பேச்சு, உமக்கு எதற்கு ரயில்? அம்பை வழியில் போனால் ஆறு பார்க்கலாம், வயல் பார்க்கலாம், நேரத்துக்கு ஊர் போய்ச் சேர முடியாது. அவசரக்காரன் ஆலங்குளம் வழியாகத்தான் வருவான்.

சத்திரத்துக்காரன்:
ரயில் என்றதும் எனக்கு வயிறு எரிகிறது. உங்கள் ரயிலும் உங்கள் ரோடும் முட்டிக்கொள்வது எங்கள் பாவூர்சத்திரத்தில்தான். மேம்பாலம் வருகிறது, வருகிறது என்று சொல்லிக்கொண்டிருந்த நாட்களில் ஒருநாள் வெண்டைக்காய்ச் சாக்கை டிவிஎஸ் 50-ல் கட்டிக்கொண்டு கேட்டில் நின்றேன். முன்னால் கரும்பு லோடு, பின்னால் ஆம்புலன்ஸ். ரயில் போன பிறகும் ரெண்டு பக்கத்து வண்டியும் வழி விடாமல் நடுவில் மூக்கோடு மூக்கு. மார்க்கெட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது ஏலம் முடிந்துவிட்டது. அந்த வெண்டைக்காயை மூணு நாள் நாங்களே தின்றோம். சாலை எங்கே முடிந்தால் எனக்கென்ன?

மரத்தடி:
நாலுவழிக்காக வெட்டின மரங்களைப் பற்றி ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. மாறாந்தை தாண்டி நிழலில் வண்டியை நிறுத்தி மோர் குடித்த ஆள் நான். இப்போது நிறுத்தினால் மண்டை காய்கிறது.

ஆலங்குளத்தான்:
மரத்துக்குத் தனித் திரி போடும். இங்கே கேள்வி 50/6.

கோட்டைவாசல்:
வரலாறு தெரியாதவருக்குச் சொல்கிறேன். 1956 நவம்பர் 1 வரைக்கும் செங்கோட்டை திருவிதாங்கூர்ப் பக்கம். செங்கோட்டைப் பக்கத்துப் பிரானூருக்கு "பார்டர்" என்று பேர் வந்ததே அதனால்தான். அந்த எல்லையைத் தாண்டி ஆரியங்காவு, தென்மலை, புனலூர் என்று போகிற வழி இது. பெயரில் கொல்லம் சும்மா வந்து ஒட்டிக்கொள்ளவில்லை.

ஆலங்குளத்தான்:
அதைத்தானே வே நானும் சொல்கிறேன்! பார்டர் எங்கே இருந்தது? தென்காசிக்கு அந்தப் பக்கம். அப்போ நம்ம ரோடு இந்தப் பக்கமே முடிந்துவிட்டது. நீரே என் கட்சிக்கு வந்தாச்சு.

கோட்டைவாசல்:
நான் எந்தக் கட்சிக்கும் வரவில்லை. போன சீசனில் "குற்றாலம் இந்தச் சாலையிலேயே இருக்கிறது" என்று ஒரு குடும்பத்தையே தப்பாக அனுப்பிவைத்தவர் நீர்தானே?

ஆலங்குளத்தான்:
தென்காசியில் இடப்பக்கம் திரும்பச் சொன்னேன். அவர்கள் திரும்பவில்லை. நேரே பிரானூர் போய் பார்டர் பரோட்டாவைத் தின்றுவிட்டு எனக்கு போன் போட்டுத் திட்டினார்கள். பரோட்டா நன்றாக இருந்ததாம், அதற்கு மட்டும் நன்றி இல்லை.

கல்லிடை அப்பளம்:
பார்டர் பரோட்டா தென்காசி பரோட்டாதானே?

கோட்டைவாசல்:
பிரானூர் செங்கோட்டைத் தாலுகா. பரோட்டாவையுமா தென்காசிக்கு எழுதிக் கொடுக்கச் சொல்கிறீர்கள்? 2019-ல் மாவட்டம் ஆனதிலிருந்து எல்லாம் உங்கள் பெயருக்கே போகிறது.

கல்லிடை அப்பளம்:
நான் அம்பைப் பக்கம் ஐயா. திருநெல்வேலி மாவட்டம். என்மேல் எதற்குப் பாய்கிறீர்?

ஆலங்குளத்தான்:
பரோட்டாவை விடுங்கள். கடைசியாக ஒன்று. மாநில நெடுஞ்சாலைக் கல்லுக்குத் தலையில் பச்சை, தேசிய நெடுஞ்சாலைக்கு மஞ்சள். தென்காசி தாண்டினால் மஞ்சள்தான். சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

சத்திரத்துக்காரன்:
எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு கல்லில் கட்சிக்காரன் சுண்ணாம்பு அடித்துவிட்டான். அதை எதில் சேர்ப்பது?

ஆலங்குளத்தான்:
நாளைக்குக் காலையில் நானே பைக்கை எடுத்துக்கொண்டு போய்க் கடைசிப் பச்சைக் கல்லைப் படம் பிடித்து இங்கே போடுகிறேன்.

கோட்டைவாசல்:
போடும். அந்தக் கல்லில் "கொல்லம்" என்று எழுதியிருந்தால் என்ன செய்வீர்?

ஆலங்குளத்தான்:
எழுதினவனுக்கு 50/6 தெரியவில்லை என்று அர்த்தம்.